88 வயது, 6.4 செ.மீ. பெருநாடி வீக்கம்: திருகோணமலையிலிருந்து அனுப்புமுன் எதைப் பார்ப்பது?

திருமலை_எம்ஓ

வணக்கம். உப்புவெளிப் பக்கத்து 88 வயது ஐயா ஒருவர். சலம் போவதில் கஷ்டம் என்று எடுத்த அல்ட்ராசவுண்டில் வயிற்றுப் பெருநாடி வீக்கம் தற்செயலாகப் பிடிபட்டது. சிறுநீரக நாடிகளுக்குக் கீழே, குறுக்களவு 6.4 செ.மீ. வலி எதுவும் இல்லை. எடை 61 கிலோ. பிரஷரும் சீனியும் நெடுநாளாக உண்டு. அம்லோடிபின், மெற்போமின், அஸ்பிரின், அற்றோர்வாஸ்ரற்றின் எடுக்கிறார். ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 38. புகைத்தலை நிறுத்திப் பல வருடம். எக்கோவில் எஜெக்ஷன் ஃபிராக்ஷன் (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 50 சதவீதம். தடியூன்றிக் கடைக்குப் போய் வருவார், தானே குளிப்பார், காசு கணக்கை மகன் பார்க்கிறார். காது மந்தம்.

வயிற்றைத் திறந்து செய்யும் ஒபரேஷன் பற்றி யாரும் பேசவில்லை. கேள்வி ஈவார் பற்றித்தான், அதாவது கவட்டு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைப்பது. மகன் இந்த வயதில் ஒன்றும் வேண்டாம் என்கிறார். கனடாவிலுள்ள மகள் உடனே செய்யச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நேர்மையாக எதைச் சொல்வது? அனுப்புவதென்றால் இங்கேயே என்னென்ன செய்து முடித்து அனுப்ப வேண்டும்? கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போய் "ஸ்கான் சரியில்லை, திரும்ப எடுங்கோ" என்று கேட்க வைக்க விருப்பமில்லை.

நாடித்தையல்

டொக்டர், முதலில் அபாயக் கணக்கு. மகளுக்கும் மகனுக்கும் ஒரே எண்களைச் சொல்லுங்கள்.

2002இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆய்வில், ஒபரேஷனுக்கு உடல் இடம் தராத அல்லது மறுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 6.0 முதல் 6.9 செ.மீ. வரையான வீக்கம் ஓராண்டுக்குள் வெடித்தது ஏறக்குறைய 10 சதவீதத்தினரில், 7 செ.மீ.க்கு மேல் 32 சதவீதத்தினரில். 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த எண்கள் நன்றாக இறங்கியிருந்தன: 6.1–7.0 செ.மீ.க்கு ஆண்டுக்கு 4 சதவீதம் அளவில். பிரஷர் மருந்தும் ஸ்ரற்றினும் பரவலானதும் புகைத்தல் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த ஐயாவுக்கு ஆண்டுக்கு 4 முதல் 10 வரை என்று சொல்வது நியாயம். "எந்த நிமிடமும் வெடிக்கும்" என்று பயமுறுத்துவது தவறு. "வலியே இல்லை, விட்டுவிடுங்கோ" என்பதும் தவறு, ஏனென்றால் வெடிக்கும்வரை பெரும்பாலும் வலி வராது.

மறுபக்கம். 2004இல் வந்த ஈவார்-1 ஆய்வில் உடல் தகுதியுள்ளவர்களுக்கு 30 நாள் இறப்பு ஈவாரில் 1.7, திறந்த ஒபரேஷனில் 4.7 சதவீதம். இந்த எண்ணைத்தான் எல்லோரும் தூக்கிக் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஈவார்-2. திறந்த ஒபரேஷனுக்குத் தகுதியில்லாத 338 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஈவார், மறுபகுதிக்கு ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். 2005 அறிக்கையில் ஈவார் பக்கத்தில் 30 நாள் இறப்பு 9 சதவீதம். மொத்த ஆயுளில் வித்தியாசமே இல்லை. நீண்ட காலத்தில் வீக்கத்தால் இறப்பது குறைந்தது, ஆனால் அவர்கள் இதயத்தாலும் நுரையீரலாலும் புற்றுநோயாலும் இறந்தார்கள். அன்றைய கருவிகள் தடித்தவை, பெரும்பாலும் முழு மயக்கம், இன்றைக்கு எண்கள் இதைவிட நல்லவை. ஆனாலும் ஆய்வு சொன்ன அடிப்படை மாறவில்லை: வேறொன்றால் ஆயுள் குறுகியிருப்பவருக்கு வீக்கத்தை மட்டும் சரிசெய்வதால் ஆயுள் நீளாது. இரண்டு மூன்று வருடம் வாழ்வார் என்று நம்ப இடமிருந்தால்தான் திட்டமிட்ட சிகிச்சைக்கு அர்த்தம்.

அடுத்தது உடற்கூறு. வயதானவரில் ஈவார் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கீழ்ச் சிறுநீரக நாடிக்கும் வீக்கம் தொடங்கும் இடத்துக்கும் இடையிலுள்ள கழுத்துதான் கிராஃப்ட் இறுக்கிப் பிடிக்கும் இடம். பொதுவாகப் பயன்படும் கருவிகளில் ஒன்றான எண்டியூரன்டின் வரம்பு: கழுத்து விட்டம் 19 முதல் 32 மி.மீ., வளைவு 60 பாகைக்குள் என்றால் நீளம் 10 மி.மீ. போதும், 75 பாகை வரை என்றால் 15 மி.மீ. வேண்டும். கிராஃப்டை கழுத்தைவிட 10–20 சதவீதம் பெரிதாக எடுப்போம், 24 மி.மீ. கழுத்துக்கு 28 மி.மீ. கிராஃப்ட். குறைவாக எடுத்தால் ஓரத்தால் கசியும், கூடினால் துணி மடிந்து அந்த மடிப்பு வழியே கசியும். பிறகு ஏறும் வழி: பிரதான பகுதியின் வெளிவிட்டம் 18 அல்லது 20 ஃபிரெஞ்ச். மூன்று ஃபிரெஞ்ச் ஒரு மி.மீ., ஆக 6 முதல் 6.7 மி.மீ. வெளி இலியாக் நாடி (பெருநாடி பிரிந்து வரும் பொது இலியாக்கிலிருந்து காலுக்குப் போகும் கிளை) அதைவிட ஒடுங்கி, சுற்றிவரச் சுண்ணாம்பு படிந்து, வளைந்தும் இருந்தால் ஏற்றும்போதோ இழுக்கும்போதோ கிழியும். இலியாக் கிழிந்தால் மேசையிலேயே ஆளை இழக்கலாம்.

இதெல்லாம் சீடி இல்லாமல் பேச முடியாது. அல்ட்ராசவுண்ட் 6.4 சீடியில் 6.7 என்றும் வரும். அதைக் கண்டு "ஒரு மாதத்தில் வளர்ந்துவிட்டது" என்று யாரும் பதறக் கூடாது. அளக்கும் முறை வேறு.

ஊடுகதிர்_மேசை

சீடி பற்றி மட்டும் சொல்கிறேன், திரும்ப எடுக்க வைக்கும் தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

கோரிக்கைப் படிவத்தில் "சீடி வயிறு" என்று எழுதினால் 5 மி.மீ. வெட்டுகளில், நாளக் கட்டத்தில் (டை நாடியைத் தாண்டி நாளங்களுக்குப் போன பிறகு) எடுத்து அனுப்புவார்கள். அதில் அளவு எடுக்க முடியாது. "பெருநாடி சீடி அஞ்சியோகிராம், உதரவிதானத்துக்கு மேலிருந்து தொடை எலும்பின் சிறு முண்டு வரை, நாடிக் கட்டம், 1 மி.மீ. அல்லது அதற்கு மெல்லிய வெட்டுகள், ஈவார் திட்டமிடலுக்கு" என்று முழுதாக எழுதுங்கள். கீழ் எல்லை முக்கியம். பொதுத் தொடை நாடி படத்தில் வராவிட்டால் துளையிடும் இடத்தில் சுண்ணாம்பு உண்டா என்று தெரியாது.

மெல்லிய வெட்டுகளை அன்றைக்கே உருவாக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் மூலத் தரவு சில நாளில் அழிந்துவிடும், பிறகு கேட்டால் கிடைக்காது. சீடித் தட்டில் டைகொம் (மருத்துவப் படங்களுக்கான கணினி வடிவம்) கோப்புகளாக வாங்குங்கள், இரண்டு பிரதி, அனுப்புமுன் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட ஃபில்ம் மட்டும் கொண்டு போனால் மையக்கோட்டில் அளக்கும் மென்பொருளுக்கு அது பயன்படாது.

டை (குழாய்கள் படத்தில் தெரிய ஏற்றும் மருந்து) 60–80 மில்லிலீற்றர் போதும். அளவுக்குத் தாமதக் கட்டம் தேவையில்லை, அதைத் தவிர்த்தால் கதிர்வீச்சும் நேரமும் மிச்சம். ஈ.ஜி.எஃப்.ஆர் 30க்கு மேல் என்பதால் நாளத்தில் டை ஏற்ற மெற்போமினைக் கட்டாயம் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் 30–45க்குள் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது, அதைச் சரிபாருங்கள். ஈவார் அன்று நிலைமை வேறு. அங்கே டை சிறுநீரக நாடிக்குப் பக்கத்திலேயே பெருநாடிக்குள் போகிறது. அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியற்றினின் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

மயக்கமருந்து_கண்டி

ஐயா 45 பாகை சாய்வில் அல்லாமல் தட்டையாக இரண்டு மணி நேரம் படுக்க முடியுமா? இதை வாட்டிலோ கிளினிக்கிலோ படுக்க வைத்துப் பார்த்தே எழுதி அனுப்புங்கள். மூச்சு வாங்கினால், முதுகு வளைந்து வலித்தால், உள்ளூர் மயக்கத்தில் செய்யும் திட்டம் பாதியில் முறியும். பாதியில் முழு மயக்கத்துக்கு மாறுவதுதான் இரண்டு வழிகளையும்விட மோசமானது.

படுக்க முடிந்தால் இந்த வயதில் உள்ளூர் மயக்கம்தான் என் முதல் தெரிவு. வெடித்த வீக்கங்களைப் பார்த்த இம்ப்ரூவ் ஆய்வில் உள்ளூர் மயக்கத்தில் ஈவார் செய்தவர்கள் முழு மயக்கத்தில் செய்தவர்களைவிடத் தெளிவாகக் கூடுதலாகப் பிழைத்தார்கள். மருந்தளவைக் கணக்குப் பார்த்துப் போடுங்கள். அட்ரினலின் கலக்காத லிக்னொகேயின் கிலோவுக்கு 3 மி.கி. 61 கிலோவுக்கு 183 மி.கி., அதாவது 1 சதவீதக் கரைசல் 18 மில்லிலீற்றர், இரண்டு கவட்டுக்கும் சேர்த்து. அது போதாது போலத் தோன்றும். 0.5 சதவீதமாக நீர்த்தால் 36 மில்லிலீற்றர் கிடைக்கும், பக்கத்துக்கு 18, அது தாராளம். சத்திரசிகிச்சை நிபுணர் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக் கேட்டே அளவு மீறுகிறது. மெலிந்த முதியவரில் வலிப்பு வருவது அப்படித்தான்.

மிடசொலம் வேண்டாம். அமைதியாக இருப்பார் என்று ஒரு மி.கி. கொடுத்தால் அரை மணியில் குழம்பி எழும்பப் பார்ப்பார், கம்பி உள்ளே இருக்கும் நேரத்தில். படம் எடுக்கையில் மூச்சை அடக்கச் சொல்ல வேண்டும், இவருக்குக் காது மந்தம். காதுக் கருவி இருந்தால் ஒபரேஷன் தியேட்டருக்குள்ளும் போட்டிருக்கட்டும். தோளில் தட்டினால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே பழக்குங்கள். சலப்பை நிரம்பினாலும் அசைவார், அதுவும் சலக்கஷ்டம் உள்ளவர். கதீற்றரை முன்கூட்டியே போட்டு, மறுநாள் காலையே எடுப்பது நல்லது.

அஸ்பிரினையும் ஸ்ரற்றினையும் நிறுத்த வேண்டாம்.

முதியோர்_பிரிவு

எல்லோரும் கருவிக்குப் போய்விட்டீர்கள். ஐயா என்ன விரும்புகிறார் என்று ஒரு பதிவிலும் இல்லை. மகனும் மகளும் பேசுகிறார்கள். கடைக்குத் தானே போய்வரும் மனிதர் தன் வீக்கம் பற்றி முடிவெடுக்க முடியாதவராக இருக்க வாய்ப்பு குறைவு. அவரோடு தனியே, சத்தமாக, தமிழில், அவசரப்படாமல் பேசுங்கள். அவர் "எனக்கு வீட்டில் இருக்க வேணும், கொழும்பில் கிடக்க ஏலாது" என்றால் அதற்கு மகளின் தொலைபேசி அழைப்பைவிட எடை உண்டு.

தளர்ச்சியை அளந்து எழுதுங்கள். 1 முதல் 9 வரையான மருத்துவத் தளர்ச்சி அளவுகோலில், நீங்கள் சொன்னபடி பணம் போன்ற விடயங்களுக்கு மட்டும் உதவி, குளிப்பு உடுப்பு தானே என்றால் 5. குளிக்க வைக்க ஆள் வேண்டுமென்றால் 6. நான் 6இல் தயங்குவேன், 7இல் வேண்டாம் என்பேன். 4 மீற்றர் தூரத்தைச் சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். 5 விநாடிக்கு மேல் எடுத்தால் வேகம் விநாடிக்கு 0.8 மீற்றருக்குக் குறைவு, அது தளர்ச்சியின் அடையாளம். கடந்த ஆறு மாதத்தில் எடை இறங்கியதா, விழுந்தாரா, மூன்று சொற்களைச் சொல்லி மூன்று நிமிடம் கழித்துக் கேட்டால் எத்தனை நினைவிருக்கிறது? இந்த நான்கும் பத்து நிமிட வேலை. 88 என்ற எண்ணைவிட இவை அதிகம் சொல்லும்.

இன்னொன்று உடனே செய்ய வேண்டியது. சலக்கஷ்டத்தோடு வந்தவர் என்றீர்கள். கிருமி இருக்கலாம் என்று யாராவது சிப்ரோஃப்ளொக்சசின் எழுதப் போகிறார்கள். பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது அந்த வகை மருந்துகளைத் தவிர்க்கும்படி 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள்: பெருநாடி வீக்கம் 6.4 செ.மீ., சிப்ரோ வகை வேண்டாம்.

திருமலை_எம்ஓ

நன்றி. ஐயாவோடு தனியே பேசியாயிற்று. வயிறு திறக்கும் வேலை என்றால் வேண்டாம், கவட்டு வழியென்றால் செய்யலாம் என்கிறார், தெளிவாக. தளர்ச்சி அளவு 5, நடை விநாடிக்கு 0.9 மீற்றர், மூன்று சொல்லில் இரண்டு. எடை இறங்கவில்லை. தட்டையாகப் படுக்கிறார்.

நீங்கள் சொன்னபடி சீடி எடுத்தாயிற்று. வீக்கம் 6.6 செ.மீ. கழுத்து நீளம் 11 மி.மீ., விட்டம் 24, வளைவு 55 பாகை, கழுத்தில் கட்டி இரத்தம் இல்லை. வலது வெளி இலியாக் 7.5 மி.மீ. இடது 5.8, பின்சுவரில் சுண்ணாம்பு. பொது இலியாக் வலது 14, இடது 22 மி.மீ. தொடை நாடிகளின் முன்சுவர் இரண்டு பக்கமும் சுத்தம். 11 மி.மீ. கழுத்து போதுமா என்பதுதான் இப்போது தடுமாற்றம்.

நாடித்தையல்

வரம்புக்குள் இருக்கிறது, ஓரத்தில் இருக்கிறது. 11 மி.மீ.யும் 55 பாகையும் தனித்தனியே பார்த்தால் சரி. சேர்ந்து வரும்போது கிராஃப்ட் நேராக இறங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் பிடிக்கும் நீளம் 11இலிருந்து 6–7 ஆகிவிடும். அதற்கு மருந்து எக்ஸ்-ரே குழாயின் கோணம். சீடியில் கழுத்து எந்தப் பக்கம், எத்தனை பாகை சாய்கிறது என்று முன்பே அளந்து, அந்தக் கோணத்துக்குக் குழாயைத் திருப்பிய பிறகே படம் எடுத்துத் துணியின் மேல் ஓரத்தைக் கீழ்ச் சிறுநீரக நாடியின் அடியில் ஒட்ட விட வேண்டும். நேர்ப் படத்தில் பார்த்து விட்டால் 4–5 மி.மீ. தானாகவே இழக்கப்படும். இங்கே அந்த 4 மி.மீ. எல்லாமே.

பிரதான பகுதி வலப்பக்கத்தால், 28 மி.மீ. கிராஃப்ட், 18 ஃபிரெஞ்ச், 7.5 மி.மீ. நாடியில் தாராளமாகப் போகும். இடது பொது இலியாக் 22 என்பதால் அந்தப் பக்கத்துக் கிளை 24 மி.மீ.யாவது இருக்க வேண்டும், அது 16 ஃபிரெஞ்ச், அதாவது 5.3 மி.மீ. நாடி 5.8. நுழையும், ஆனால் விறைத்த கம்பி முழுதாக ஏறிய பிறகு மெல்ல, வழுக்கும் பூச்சை நனைத்து. அடைத்தால் தள்ளக் கூடாது, 6 மி.மீ. பலூனால் ஒரு தடவை விரித்துப் பார்ப்பது, அதற்கும் விடாவிட்டால் திட்டத்தை மாற்றுவது. சுண்ணாம்பு பின்சுவரில் மட்டும் என்பதால் நம்பிக்கை இருக்கிறது.

தொடை நாடியின் முன்சுவர் சுத்தம் என்பது பெரிய அதிர்ஷ்டம். வெட்டாமல் ஊசித்துளையால் செய்யலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தொடை எலும்புத் தலைக்கு நேரே, முன்சுவரின் நடுவில் துளை. புரோக்ளைட் (துளையைத் தைத்து மூடும் கருவி) இரண்டு, ஒன்று பத்து மணித் திசையில், மற்றது இரண்டு மணித் திசையில், ஷீத்தை (கருவிகள் நுழையும் குழாயை) பெரிதாக்கும் முன்னரே தையலைப் போட்டு வைத்துக் கடைசியில் இறுக்குவது. கவட்டில் வெட்டினால் வியர்வையும் மடிப்பும் சேர்ந்து சீனி வருத்தக்காரரில் புண் ஆறாமல் வாரக்கணக்கில் இழுக்கும். திருகோணமலை வெக்கையில் சொல்லவே வேண்டாம்.

ஹெப்பாரின் கிலோவுக்கு 80–100 அலகு, உறைவு நேரம் 250 விநாடிக்கு மேல். டையை அரை பங்கு உப்புநீரோடு கலந்து, மொத்தம் 50 மில்லிலீற்றருக்குள் முடிக்கப் பார்ப்பது. கடைசிப் படத்தை விறைத்த கம்பியை எடுத்து மென்கம்பி போட்ட பிறகு எடுக்க வேண்டும். விறைத்த கம்பி வளைந்த இலியாக்கை நிமிர்த்தி வைத்திருக்கும். அதை எடுத்தவுடன் கிளை மடங்கும். அந்த மடிப்பை மேசையில் காணாவிட்டால் இரண்டு வாரத்தில் கிளை அடைத்துக் கால் குளிர்ந்து வருவார்.

கதிரியக்க_ஊடுவழி

நாடித்தையல் சொன்ன திட்டத்தோடு உடன்பாடு. ஒன்றில் மட்டும் மாற்றுக் கருத்து. இளையவரில் 11 மி.மீ. வளைந்த கழுத்து என்றால் துளையிட்ட கிராஃப்ட் பக்கம் போவேன், சிறுநீரக நாடிகளுக்கு வழிவிட்டு இன்னும் மேலே பிடிக்க. இந்த ஐயாவுக்கு அதை முன்வைக்கக் கூடாது. அளவெடுத்துச் செய்து வர வாரக்கணக்கு ஆகும், மேசையில் நேரம் இரட்டிக்கும், டை கூடும், ஈ.ஜி.எஃப்.ஆர் 38 அதைத் தாங்காது. குறுகிய கழுத்தின் விலை பெரும்பாலும் பிந்தியே வருகிறது, கழுத்து வருடங்களில் விரிந்து கசிவதால். ஐந்து வருடத்தில் வரக்கூடிய கசிவைத் தவிர்க்க 88 வயதில் இன்றைக்கே பெரிய அபாயத்தை வாங்குவது பிழையான பேரம்.

ஆனால் இதைச் சாட்டாக வைத்து வரம்புக்கு வெளியே போகக் கூடாது. கழுத்து 6 மி.மீ., அல்லது கூம்பு வடிவம், அல்லது சுற்றிவரக் கட்டி இரத்தம் என்றால் "வயதானவர்தானே, எப்படியும் செய்வோம்" என்பது அவருக்கு அநியாயம். மேல் ஓரத்தால் கசியும் முதல் வகைக் கசிவில் வீக்கம் முழு அழுத்தத்தில் இருக்கும், ஆபத்து குறையவே இல்லை, டையும் ஒபரேஷனும்தான் மிச்சம். மேசையில் அதைக் கண்டால் பலூனால் ஒருமுறை படியவைத்து, போதாவிட்டால் மேல் நீட்டிப்பு அல்லது விறைத்த வெற்று ஸ்டென்ட். அந்த இரண்டும் அறையில் இருக்கிறதா என்று தொடங்கு முன் பார்க்க வேண்டும். மூன்றாம் வகை, அதாவது துண்டுகள் இணையுமிடத்துக் கசிவும் அப்படியே, விட்டுவிட்டு வர முடியாது. இடுப்பு நாடியிலிருந்து பின்வழியாக வீக்கத்துக்குள் திரும்பும் இரண்டாம் வகை வேறு. பல தானாக மூடும், வீக்கம் வளராதவரை தொட வேண்டாம். குடும்பத்துக்கு "கசிவு" என்ற ஒரே சொல் போனால் பயந்துவிடுவார்கள். எந்த வகை என்று கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

இடது பொது இலியாக் 22 மி.மீ.யில் இறக்கும்போது உட்புற இலியாக்கை (இடுப்புக் குழிக்குப் போகும் கிளையை) மூடிவிடாமல் இருக்கக் கவனம். மூடினால் பிட்டத்தில் நடக்கும்போது வலி, சிலரில் பெருங்குடலுக்கு இரத்தக் குறைவு.

வாட்_சிஸ்டர்

டொக்டர்மார் சொன்னதுக்குப் பிறகு வாட்டில் நடக்கிறதை எழுதுறன்.

ஐயாவோட தமிழ் கதைக்கிற ஒராள் இரவும் நிக்கவேணும், ஒவ்வொரு இரவும். கொழும்பில் இரவு முறையில் தமிழ் தெரிஞ்சவை இல்லாமல் போகலாம். கிழவர் சரியா விளங்காமல் பதில் சொன்னால் குழப்பம் எண்டு எழுதிப்போடுவினம், உண்மையான குழப்பம் வந்தாலும் காது கேக்கேல்லை எண்டு விட்டுப்போடுவினம். ரெண்டும் ஆபத்து. கண்ணாடி, காதுக் கருவி, அதுக்கு மாத்துப் பற்றரி, தடி, வழமையா குடிக்கிற மருந்துச் சீட்டு, எல்லாம் ஒரு பையில் கொண்டு போகச் சொல்லுங்கோ. பகலில் இருத்தி வையுங்கோ, இரவில் லைற்றைக் குறையுங்கோ.

துளைக்குப் பிறகு நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் தட்டையாய்ப் படுக்கை, பிறகு எழுப்பலாம். முதல் நாள் பாதத் துடிப்பை மணிக்கொருக்கால் பாக்கவேணும், ரெண்டு காலும் ஒப்பிட்டு. போகுமுன் பாதத் துடிப்பு எங்கை பிடிபட்டது எண்டு பேனையால் அடையாளம் போட்டு விட்டால் நல்லது, இல்லாட்டி முந்தியே இல்லையோ, இப்ப போனதோ எண்டு தெரியாது. கவட்டில் உருண்டையாய்த் துடிக்கிற வீக்கம் எண்டால் பொய் அனியூரிசம் (துளையால் கசிஞ்ச இரத்தம் சேர்ந்தது), அழுத்திப் பாக்காமல் ஸ்கானுக்கு அனுப்புங்கோ. சலம் மணிக்கு கிலோவுக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறைஞ்சால் சொல்லவேணும். மலத்தோட இரத்தம் போனால் அண்டைக்கே சொல்லவேணும், காத்திருக்கப்படாது.

முதல் சில நாள் 38 பாகையைத் தாண்டிக் காய்ச்சல் வரலாம், வெள்ளையணுவும் சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டிற இரத்தச் சோதனை) ஏறும். கிராஃப்ட் துணிக்கு உடம்பு காட்டிற எதிர்ப்பு, கிருமி எண்டு நினைச்சுக் கையிலை வந்த மாத்திரையைத் தொடங்காதேங்கோ. ஆனால் இரத்த வளர்ப்புச் சோதனை எடுத்து வையுங்கோ. ஒரு கிழமை தாண்டியும் விடாட்டி, அல்லது கவட்டில் சீழ் எண்டால் அது வேறை கதை.

திரும்பி வரேக்கை பஸ் வேண்டாம். வான் பிடிச்சு வாங்கோ, வழியிலை ஹபரணையில் ஒருக்கா, இடையிலும் ரெண்டு தரம் இறக்கி நடத்துங்கோ.

திருமலை_எம்ஓ

மகளிடமும் மகனிடமும் ஒரே எண்களைச் சொன்னேன். இருவரும் ஐயாவின் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் எழுதுகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். பின்தொடர்வு முழுவதற்கும் கொழும்புக்கு இழுக்க வேண்டுமா? திகதி கிடைக்கும்வரை இடையில் வெடித்தால் இங்கே நாங்கள் என்ன செய்வது?

நாடித்தையல்

பின்தொடர்வின் பெரும்பகுதியைத் திருகோணமலையிலேயே செய்யலாம், அதைக் கடிதத்திலேயே கேளுங்கள். ஒரு மாதத்தில் ஒருமுறை சீடியோடு நிபுணர் பார்க்கட்டும். எல்லாம் சரியென்றால், ஈ.ஜி.எஃப்.ஆர் இப்படி இருக்கும்போது பிறகு டை இல்லாத வழிதான்: டூப்ளெக்ஸ் ஸ்கானும் (இரத்த ஓட்டத்தையும் காட்டும் அல்ட்ராசவுண்ட்), நேர், பக்கவாட்டு என்று இரண்டு வயிற்று எக்ஸ்-ரேயும். எக்ஸ்-ரேயில் ஸ்டென்ட் இறங்கியதா, கம்பி உடைந்ததா என்று தெரியும். ஸ்கான் கோரிக்கையில் "ஈவாருக்குப் பின்" என்று மட்டும் எழுதாதீர்கள். வீக்கத்தின் முன்-பின் அதிகபட்ச விட்டம், முந்தைய அளவு, கிராஃப்டுக்கு வெளியே வீக்கத்துக்குள் ஓட்டம் உண்டா, இரண்டு கிளைகளிலும் ஓட்டம் எப்படி, இந்த நான்கையும் கேளுங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, இல்லாவிட்டால் காற்று மறைக்கும். மெதுவான கசிவு தெரிய வண்ண அளவைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டம் 5 மி.மீ.க்கு மேல் கூடினாலோ, முதல் அல்லது மூன்றாம் வகைக் கசிவு தெரிந்தாலோ, ஸ்டென்ட் இறங்கினாலோ திரும்ப அனுப்புங்கள். கால் குளிர்ந்தால், நடக்கையில் புதிதாக வலித்தால், அன்றே.

வெடிப்பு பற்றி. குடும்பத்துக்கும் உங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கும் ஒரே வாக்கியம் போகட்டும்: இந்த ஐயாவுக்கு முதுகு, விலா அல்லது வயிற்று வலி திடீரென்று வந்தால், அது வேறென்று நிரூபிக்கும்வரை பெருநாடி. முதியவரில் இடுப்பிலிருந்து கவட்டுக்கு இறங்கும் வலியைச் சிறுநீரகக் கல் என்று எடுத்து டைக்ளோஃபெனாக் குத்தி வீட்டுக்கு விடுவதுதான் உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. வீட்டில் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கட்டும், தாங்களே காரில் ஏற்றி அலைய வேண்டாம். வைத்தியசாலையில் இரண்டு பெரிய கனுலா, இரத்தம் பொருத்தக் கொடுப்பது, பக்கத்தில் வைத்து அல்ட்ராசவுண்ட். சுயநினைவோடு பேசுகிறார் என்றால் மேல் அழுத்தம் 70–90இல் இருக்கட்டும். 120க்கு ஏற்றச் சேலைன் ஊற்றினால் பின்வயிற்றில் அடைத்து நிற்கும் இரத்தக்கட்டி விலகி மறுபடி பெருகும். கொழும்பின் இரத்தக்குழாய்ப் பிரிவைத் தொலைபேசியில் பிடித்து, சீடி ஏற்கெனவே இருக்கிறது, கழுத்து 11 மி.மீ. என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அங்கே அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆனால் அவர் அந்த நிலையில் ஆறு மணி நேரப் பயணத்தை விரும்புகிறாரா என்று இப்போதே கேளுங்கள், வலி வந்த பிறகு அல்ல. வேண்டாம் என்றால் அதைக் கொப்பியில் எழுதி, மகனும் கையெழுத்து வைத்து, திருகோணமலையிலேயே மோர்ஃபின் கொடுத்துப் பக்கத்தில் ஆட்களை இருக்க விடுவது என்று தெளிவாக எழுதுங்கள். திட்டமிட்ட ஈவாருக்குச் சம்மதித்தவர் வெடிப்பின்போது பயணத்தை மறுப்பதில் முரண் ஒன்றும் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள், கடிதத்தில் இரண்டு தனி வரிகளாகவே வரட்டும்.

முதியோர்_பிரிவு

அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை மகனின் தொலைபேசியில் படமாகவும் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கொப்பி அலுமாரிக்குள் இருக்கும். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவி பொருந்துமா என்று பிரதேச செயலகத்தில் திகதிக்கு முன்னரே கேட்க வேண்டும். கிராஃப்டின் விலைதான் செலவில் பெரிய பங்கு, அதற்கான மதிப்பீட்டுக் கடிதத்தை முதல் கிளினிக் வருகையிலேயே வாங்கிவிடட்டும்.